பச்சை டம்ளரா, நீல டம்ளரா?

இரண்டு வயதுக் குழந்தையிடம் "இட்லி வேணுமா, தோசை வேணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "தோசை" என்று வரும். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப் போட்டு, "தோசை வேணுமா, இட்லி வேணுமா?" என்று கேளுங்கள். இப்போது "இட்லி". மனசு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காதில் கடைசியாக விழுந்த சொல் வாயில் வருகிறது, அவ்வளவுதான்.

2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை எண்ணிப் பார்த்தது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் வாயால் பதில் சொன்னபோது, சுமார் 85 சதவீதத் தடவை இரண்டாவதாகச் சொல்லப்பட்டதையே எடுத்தார்கள். விரலால் சுட்டிக்காட்டியபோது அந்தச் சாய்வு காணாமல் போய், பாதிக்குப் பாதி ஆனது. முதலில் கேட்ட சொல்லை மனசில் பிடித்து வைத்துக்கொள்ள அந்த வயதில் இடம் போதவில்லை. சொல் நீளமாக இருந்தால் சாய்வு இன்னும் கூடியது. நான்கு வயதை நெருங்கும்போது இது படிப்படியாகக் குறைகிறது.

ஆக, குழந்தைக்கு முடிவெடுக்கக் கற்றுக்கொடுக்க நினைப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது கேட்கும் விதத்தை. காட்டிக் கேளுங்கள். இரண்டு சட்டையையும் கட்டிலில் விரித்துப் போடுங்கள். ஒரு கையில் வாழைப்பழம், மறு கையில் கொய்யா. சந்தேகமாக இருந்தால் கையை மாற்றிப் பிடித்து இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டு தடவையும் கொய்யா பக்கமே கை நீண்டால், அது தேர்வு.

அடுத்தது நம் மொழியிலேயே இருக்கும் ஒரு சிக்கல். "குளிக்கப் போலாமா?", "தூங்கலாமா செல்லம்?", "சாப்பிடலாமா?" இவை எதுவும் கேள்வி இல்லை. உத்தரவை மரியாதையாகச் சொல்லும் வழி. பெரியவர்களுக்குள் யாரும் ஏமாறுவதில்லை. "கிளம்பலாமா?" என்று மேலதிகாரி கேட்டால் எழுந்துவிடுகிறோம். மூன்று வயதுக் குழந்தைக்கு இந்த நாசூக்கு தெரியாது. கேட்டார்கள், பதில் சொல்கிறது: "வேண்டாம்." உடனே நமக்குக் கோபம் வருகிறது, தரதரவென்று இழுத்துப் போகிறோம். "உன் கருத்தைக் கேட்பார்கள், ஆனால் அதற்கு மதிப்பில்லை" என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மாற்றம் சின்னதுதான். முடிவு செய்தாகிவிட்டதைக் கேள்வியாக்காமல் சொல்லிவிட வேண்டும். அதற்குள்ளே உண்மையாகவே திறந்திருக்கும் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். "குளிக்கிற நேரம். நீயே மொண்டு ஊத்திக்கிறியா, நான் ஊத்தட்டுமா?" குளிப்பது பேச்சுக்கு இல்லை, யார் ஊற்றுவது என்பது மட்டும் குழந்தையின் கையில்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. சோதனை எளிது: இரண்டில் எதைச் சொன்னாலும் நமக்குச் சம்மதமா? ஒன்றுக்கு முகம் சுளிப்போம் என்றால் அதைக் கேட்காதீர்கள். மருந்து, ரோட்டில் கை பிடிப்பது, வண்டியில் உட்காரும் இடம், பள்ளிக்குப் போவது ஆகியவை தேர்வுக்கு வராதவை. "ஒழுங்கா வரியா, இங்கயே விட்டுட்டுப் போகட்டுமா?" என்பது தேர்வே இல்லை, மிரட்டல். நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் நடக்கும் ஒரு விளையாட்டையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம்: "உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" குழந்தை திணறுவதைப் பார்த்துச் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். யாரையாவது புண்படுத்தாமல் சொல்ல முடியாத பதிலைக் கேட்பது எந்த வயதிலும் கொடுமைதான்.

எத்தனை பொருளைக் காட்டுவது? இரண்டு வயதுக்கு இரண்டு. மூன்றுக்கு இரண்டோ மூன்றோ. நான்கு, ஐந்து வயதில் நாலைந்து வரை தாங்கும். அலமாரியைத் திறந்துவிட்டு "எது வேணுமோ எடுத்துக்கோ" என்றால் மூன்று வயது எல்லாவற்றையும் இழுத்துப் போடும், அல்லது கண்ணில் முதலில் பட்டதை எடுக்கும். கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம்மில் பலர் மூன்று எண்ணுவதற்குள் "இது நல்லா இருக்கும்ல?" என்று ஒரு பக்கம் தள்ளிவிடுகிறோம். குழந்தையின் கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பும் அந்தச் சில விநாடிகளில்தான் ஒப்பிடும் வேலையே நடக்கிறது.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. குழந்தை வளர்ப்பு பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. இரண்டைக் காட்டினால் அடம் குறையும், வேலை நடக்கும் என்பார்கள். நடக்கும்தான். ஆனால் அது நம் வசதிக்கான உத்தி. முடிவெடுக்கும் பழக்கம் அடுத்த கட்டத்தில், எடுத்த முடிவோடு குழந்தை கொஞ்ச நேரம் இருக்கும்போது, வருகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் பெரியவர்களால் பொறுக்க முடிவதில்லை.

ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். மேசையில் பச்சை டம்ளர், நீல டம்ளர். மூன்றரை வயதுக் குழந்தை பச்சையைத் தொட்டது. பாலை ஊற்றியாகிவிட்டது. கையில் கொடுக்கும்போது, "நீலம் வேணும்."

இந்த இடத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். நேரமாகிறது என்று பாலை நீலத்துக்கு மாற்றி ஊற்றிக் கொடுப்பார்கள். அல்லது, "நீதானே பச்சை கேட்ட? அப்பவே யோசிச்சிருக்கணும்" என்று ஒரு பிரசங்கம். இரண்டும் இல்லையென்றால் அழுகையை நிறுத்த ஒரு பிஸ்கெட். முதலாவது, எந்த முடிவும் முடிவில்லை என்று சொல்கிறது. இரண்டாவது, தேர்ந்தெடுத்தால் திட்டு விழும் என்று சொல்கிறது. அப்படி நாலு தடவை நடந்தால் "நீயே சொல்லும்மா" என்று பின்வாங்கும் குழந்தையைப் பார்க்கலாம். பிஸ்கெட் என்ன சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். "இப்ப நீலத்துல குடிக்கணும்னு தோணுது, இல்ல? பால் பச்சையில ஊத்தியாச்சு. சாயந்திரம் நீலத்துல குடிக்கலாம்." ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில். பிறகு பேச்சு வேண்டாம். அழட்டும், பக்கத்தில் இருங்கள். குடிக்காவிட்டால் டம்ளரை எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குத் தண்டனையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சாயந்திரம் மறக்காமல் நீல டம்ளரை எடுத்து வைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் காலையில் பட்ட பாடெல்லாம் வீண்.

மறுநாள் காலையில் ஒரு படியைக் கூட்டிக்கொள்ளலாம். ஊற்றுவதற்கு முன் நிறுத்தி, "ஊத்திட்டா மாத்த முடியாது. எதுலன்னு கை வச்சுக் காட்டு." அதுவரை எத்தனை தடவை மாற்றினாலும் சரி, பால் விழுந்த பிறகு இல்லை. பழம் என்றால் உரிப்பதற்கு முன், பிஸ்கெட் என்றால் கடிப்பதற்கு முன், பெயின்ட் என்றால் தாளில் படுவதற்கு முன். எல்லை எங்கே என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும். "போதும், இனிமே மாத்தக்கூடாது" என்று நாம் அலுத்துப்போகும் நேரத்தில் வரும் எல்லை குழந்தைக்குப் புரியாது.

கூட்டுக் குடும்பத்தில் இது வேறு விதமாகக் கவிழும். அம்மா மாற்றித் தரவில்லை என்றால் குழந்தை நேராகத் தாத்தாவிடம் போகும். "ஒரு டம்ளர் பாலுக்கு என்னம்மா இவ்வளவு சட்டம்" என்று அவர் எழுந்து வருவார். அவரைத் தடுப்பதைவிட அவருக்கு ஒரு வேலை கொடுப்பது மேல்: மடியில் வைத்து ஆறுதல் சொல்லலாம், கதை சொல்லலாம், பொருளை மட்டும் மாற்றித் தரக்கூடாது. பெரும்பாலான தாத்தா பாட்டிகள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். அவர்களால் தாங்க முடியாதது குழந்தை தனியாக அழுவதுதான்.

மூன்று வயதில் எதற்காகப் பிரசங்கம் செல்லாது என்பதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. முயல் படமும் படகுப் படமும் போட்ட சீட்டுகள், சிவப்பிலும் நீலத்திலும். முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்வார்கள், பிரித்துவிடும். பிறகு, "இனிமே உருவப்படி, முயல் எல்லாம் இங்க, படகு எல்லாம் அங்க" என்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் பழையபடி நிறத்தை வைத்தே போட்டுக்கொண்டிருப்பார்கள். "முயல் எங்க போகணும்?" என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள், கை மட்டும் பழைய இடத்துக்கே போகும். ஐந்து வயதில் பெரும்பாலோர் சுலபமாக மாறிக்கொள்வார்கள். விதி தெரிவதும் அந்த விதிப்படி கையை நிறுத்துவதும் வேறு வேறு திறமைகள். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், தெரியும்ல உனக்கு?" என்ற கேள்விக்குப் பதில், தெரியும். தெரிந்தும் முடியவில்லை.

குழந்தைகளை முடிவெடுக்கப் பழக்குவதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு முறையாகவே செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற ஊர்க்காரர்கள். 1962இல் டேவிட் வெய்கார்ட் என்பவர் தலைமையில் பெர்ரி பாலர் பள்ளித் திட்டம் அங்கே தொடங்கியது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள். 58 பேருக்குப் பாலர் பள்ளி, 65 பேருக்கு இல்லை. இரண்டு குழுவையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். பள்ளிக்குப் போனவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைதானார்கள். இதை மேற்கோள் காட்டுபவர்கள் சொல்லாமல் விடுவது, அங்கே ஐந்தாறு குழந்தைக்கு ஓர் ஆசிரியர், வாரம் ஒரு தடவை ஆசிரியர் வீட்டுக்கே போய் வருவார் என்பதை. எல்லா நன்மையையும் ஒரு வகுப்பறை உத்தியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் அந்த உத்தி எடுத்துக்கொள்ளத் தக்கது. பின்னாளில் ஹைஸ்கோப் என்ற பெயரில் பரவியது. மூன்று பகுதி: திட்டமிடு, செய், திரும்பிப் பார். பத்துப் பதினைந்து நிமிடம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வது, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் செய்வது, மறுபடி பத்துப் பதினைந்து நிமிடம் என்ன நடந்தது என்று பேசுவது.

நம் ஊர்ப் பால்வாடியில் இருபத்தைந்து குழந்தைகளுக்கு ஒரு டீச்சர், ஓர் ஆயா. ஒவ்வொருவராகத் திட்டம் கேட்டால் கடைசிக் குழந்தையின் முறை வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுவார்கள். இதற்கு ஒரு வழி, துணிக்கிளிப். அறையில் நாலு மூலை: கட்டைகள், சொப்புச் சாமான், படம் வரைதல், மணலும் தண்ணீரும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு அட்டை. அந்த மூலையில் எத்தனை பேர் இருக்கலாமோ அத்தனை கிளிப் மாட்டும் அளவுக்குக் கோடு. ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு குழந்தையின் அடையாளம், பூ, மீன், குடை என்று; எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. குழந்தை தன் கிளிப்பைக் கொண்டுபோய் மாட்டினால் அதுதான் திட்டம்.

இதில் ஒரு கணக்கு உண்டு. இருபத்தைந்து குழந்தைக்கு இருபத்தைந்து இடம் போட்டால் கடைசியாக வருபவருக்குத் தேர்வே இல்லை, மிச்சம் இருப்பதுதான். முப்பது இடம் வேண்டும்: ஏழு, எட்டு, எட்டு, ஏழு. முதலில் எழும் வரிசையையும் தினம் மாற்ற வேண்டும். இல்லையென்றால் வாசலருகே உட்காரும் அதே நாலு பேர் தினமும் மணலுக்குப் போவார்கள்.

வாயால் திட்டம் கேட்பதை ஒரு நாளைக்கு ஆறேழு குழந்தைகளோடு வைத்துக்கொண்டால், நாலு நாளில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். மூன்று வயதில் வருவது ஒரு சுட்டுவிரலும் "அங்க" என்ற சொல்லும்தான். அது போதும், "ஓ, கட்டை மூலைக்குப் போறியா" என்று டீச்சர் அதற்கு வாக்கியம் கொடுக்கலாம். நான்கில், "வீடு கட்டப் போறேன்." இங்கே "எதை வச்சு?" என்று ஒரு கேள்வி. ஐந்தில், "பஸ் பண்ணப் போறோம், நாற்காலி வேணும், நான்தான் டிரைவர்." இங்கே, "முதல்ல என்ன செய்வீங்க?" ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம், திட்டம் போடுவதே பரீட்சை ஆகிவிடும். வீடு கட்டப் போனவன் பாதியில் மணலுக்குப் போய்விட்டால் அது குற்றமும் இல்லை. கிளிப்பை எடுத்து அங்கே மாட்டிவிட்டுப் போகச் சொன்னால் போதும். மனசு மாறியது அவனுக்கே தெரிய வேண்டும், அதுதான் விஷயம்.

நேரம் போதாத நாளில் மூன்றாவது பகுதியைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். வெட்டுவதானால் விளையாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள், இதை விட வேண்டாம். திரும்பிப் பார்க்கும்போது "ஏன்" என்று கேட்காதீர்கள். தமிழில் "ஏன் அப்படிச் செஞ்ச?" என்றாலே விசாரணை. குழந்தையிடமிருந்து "சும்மா" என்றோ "அவன்தான்" என்றோ வரும். "எப்படி" என்று கேளுங்கள்: "கூரை எப்படி நின்னுச்சு?" விழுந்துவிட்டது என்றால், "அப்புறம் என்ன பண்ணின?" பொருளைக் கையில் கொடுத்துக் கேட்டால் பேச்சு சுலபமாக வரும். வெறும் நினைவை வைத்துப் பேசுவது மூன்று வயதுக்குக் கஷ்டம். இரண்டு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டால் முழுக் கதையும் வந்துவிடும்.

1939இல் சென்னை அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்துக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் வகுப்பறையில் இன்னொரு உத்தி உண்டு: ஒவ்வொரு சாதனமும் ஒன்றே ஒன்று. இன்னொரு குழந்தை அதை எடுத்திருந்தால் காத்திருக்கலாம், வேறொன்றை எடுக்கலாம். தேர்வு என்பது மற்றவர்களும் தேர்ந்தெடுக்கும் உலகத்தில் நடப்பது என்பதை அலமாரியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. வீட்டில் சண்டை வருமே என்று எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்குபவர்கள் ஒரு தடவை யோசிக்கலாம்.

காத்திருப்பது பற்றிப் பேசினால் அந்த மார்ஷ்மெல்லோ மிட்டாய் வந்துவிடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் செய்த சோதனை: இப்போதே சாப்பிட்டால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் இன்றும் வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். 2018இல் சுமார் 900 குழந்தைகளின் தகவலை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதைவிட நமக்குப் பயன்படுவது 2012இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மிட்டாய்க்கு முன்னால் குழந்தைகளிடம் சாதாரணக் கிரேயானைக் கொடுத்து, "கொஞ்சம் இரு, இதைவிட நல்லது கொண்டு வரேன்" என்றார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேருக்கு, "இல்லையாம், இதையே வச்சுக்கோ." ஸ்டிக்கரிலும் அதே கதை. அதற்குப் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள்; ஏமாற்றப்பட்டவர்கள் சுமார் 3 நிமிடம். வாக்குக் காப்பாற்றப்பட்ட பதினான்கு பேரில் ஒன்பது பேர் 15 நிமிடமும் பொறுத்தார்கள். மறு பக்கம் பதினான்கில் ஒருவர்.

ஏமாந்த குழந்தைகள் தப்பான முடிவு எடுத்தார்கள் என்று சொல்ல முடியுமா? வராது என்று தெரிந்த இரண்டாவது மிட்டாய்க்காகக் காத்திருப்பது முட்டாள்தனம்தானே. பொறுமை கற்றுக்கொடுக்க மிட்டாயை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. "அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்றால் ஐந்து நிமிடத்தில் வாருங்கள். மணல் கடிகாரமோ, கடிகாரத்தில் பெரிய முள் தொட வேண்டிய எண்ணோ காட்டிவிட்டுப் போங்கள். சொன்னது நடக்காது என்று தெரிந்தால், குழந்தை கேட்பதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். "அடுத்த வாரம் பீச்சுக்குப் போலாம்" என்று வாயை அடைக்கச் சொல்லும் வாக்குறுதிகளைப் பாதியாகக் குறைத்தாலே வீட்டில் பெரிய மாற்றம் தெரியும்.

ஐந்து வயதில் பணம். பத்து ரூபாய் நாணயம் இரண்டு. நோட்டு வேண்டாம், எண்ணிப் பார்க்கக் காசு வசதி. தெருமுனைப் பெட்டிக்கடை போதும். சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிகள் அதிகம், தலை சுற்றிவிடும். கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுங்கள்: "இது உன் காசு. இதுக்கு மேல இன்னிக்கு இல்ல. என்ன வாங்கணும்னு நீதான் முடிவு." கடையில் விலையைக் குழந்தையே கேட்கட்டும். கடைக்காரருக்கு அவசரம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போவது புத்திசாலித்தனம்.

இங்கே கவிழ்க்கிற வார்த்தை ஒன்றுதான்: "இன்னும் அஞ்சு ரூபாதானே." இருபத்தைந்து ரூபாய்ப் பொம்மைக்கு அந்த ஐந்தை நாம் போட்டுக் கொடுத்தோமென்றால், காசுக்கு அளவு இருக்கிறது என்ற பாடம் போய், முகத்தைத் தொங்கப்போட்டால் அளவு விரியும் என்ற பாடம் வந்துவிடும். மறு பக்கத் தவறும் உண்டு. இருபது ரூபாய்க்கும் சாயம் போட்ட மிட்டாயாக வாங்கப் போகிறது, நம் முகம் கோணுகிறது. மிட்டாய் கூடாது என்பது உங்கள் விதி என்றால் அதை வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் இந்தத் தடவை மிட்டாய்தான். வீட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும்; பக்கத்து வீட்டுப் பையன் பம்பரத்தை நாலு நாள் சுற்றிக்கொண்டிருப்பான். அதைச் சுட்டிக்காட்டாதீர்கள். குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த வாரம் கிளம்பும்போது, "போன தடவை என்ன வாங்கினோம்? எத்தனை நாள் இருந்துச்சு?" என்று கேட்டால் போதும். அப்போதும் மிட்டாயே வாங்கினால், மிட்டாய் பிடிக்கும் என்று அர்த்தம்.

சேர்ந்து முடிவெடுப்பதில் ஒரு சின்னக் குறிப்பு. "யாருக்கெல்லாம் சிங்கக் கதை? யாருக்கெல்லாம் யானைக் கதை?" என்று கை தூக்கச் சொன்னால் நான்கு வயதுக்காரர்கள் இரண்டுக்கும் தூக்குவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தும் தூக்குவார்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்து, இரண்டு கிண்ணத்தில் ஒன்றில் போடச் சொல்லுங்கள். கொட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக அடுக்கினால், எண்ணத் தெரியாதவர்களுக்கும் எது நீளம் என்று தெரியும். தோற்ற கிண்ணத்தின் கதை எப்போது வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் நாள் முழுக்கச் செய்ய வேண்டியதில்லை. காலையில் ஒன்று, விளையாட்டில் ஒன்று, சாயந்திரம் ஒன்று என்றால் தாராளம். பசியோடு இருக்கும் குழந்தையிடம், தூக்கம் சொக்கும் குழந்தையிடம், காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையிடம் எதையும் கேட்காதீர்கள். ராத்திரி எட்டரை மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பவனிடம் எந்த டம்ளர் என்று கேட்டால் இரண்டுக்கும் அழுவான். கையில் கிடைத்ததில் பாலை ஆற்றி, மடியில் உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்துவிடுங்கள்.